குறைச்சா எடுப்பார், குறைச்சிருந்தா எடுத்திருப்பார்

திருப்பூர் ஏற்றுமதியின் கதையை யார் எழுதினாலும் 1978-இல்தான் தொடங்குவார்கள். அன்டோனியோ வெரோனா என்ற இத்தாலிக்காரர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலமாக ஊருக்கு வந்து வெள்ளை டீ-ஷர்ட் வாங்கினார். அடுத்த வரி 1981: சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியத் துணிக்கடை நிறுவனம் வந்தது. அதற்கடுத்து 1990: ஏற்றுமதியாளர் சங்கம். பிறகு கோடிக் கணக்கு. எண்பதுகளின் நடுவில் பதினைந்து கோடி ரூபாய் அளவில் இருந்த ஏற்றுமதி இன்று நாற்பதாயிரம் கோடியைத் தொட்டு நிற்கிறது என்று முடித்துவிடுவார்கள். எல்லாம் சரிதான். முதலாளிகள் எப்படித் தொழிலாளிகளாக இருந்து மேலே வந்தார்கள் என்று ஷரத் சாரி 2004-இல் ஒரு தடிமனான புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனால் இந்த வரலாற்றின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மேஜை இருந்தது. ஒரு பக்கம் இத்தாலிக்காரர், மறுபக்கம் பனியன் கம்பெனி முதலாளி, நடுவில் மாதச் சம்பளத்துக்கு ஒரு ஆள். அந்த நடு நாற்காலியில் இருந்தவள் நான். அங்கிருந்து பார்த்தால் இந்த ஊரின் ஏற்றுமதி வேறு மாதிரி தெரியும்.

எண்பதுகளின் பாதியில், டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட்டுடன் ஒரு பையிங் ஏஜென்சிக்கு டெலெக்ஸ் அடிக்கப் போனேன். வருகிற செய்தி பாதி இங்கிலீஷ், பாதி இத்தாலியன். எந்த வரிக்கு அர்த்தம் தெரியவில்லையோ அந்த வரியில்தான் காசு இருக்கும். அதனால் நான் பாஷை படித்த வரிசையே தலைகீழ். வணக்கம், நலமா என்பதற்கு முன்னால் பணத்தைப் படித்தேன். பிரெட்ஸோ என்றால் விலை. ஸ்கோன்தோ, தள்ளுபடி. ஃபாத்தூரா, இன்வாய்ஸ். கொந்தாந்தி, ரொக்கம். அக்கோன்தோ என்றால் விலையில் ஒரு பங்கை முன்னாலேயே தருவது. சால்தோ, மீதிப் பாக்கி. கப்பார்ரா என்பதும் அட்வான்ஸ்தான், ஆனால் அது வாக்குக்கு ஈடாக வைப்பது. கொடுத்தவர் பின்வாங்கினால் போய்விடும், வாங்கியவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். நம் ஊரில் காடு கிரயம் பேசி அட்வான்ஸ் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இலக்கணத்தை ஹியூகோ கம்பெனியின் மூன்று மாதப் புத்தகத்திலிருந்து படித்தேன். அந்தப் புத்தகம் ரயில் டிக்கெட் வாங்கவும் ஓட்டலில் சூப் கேட்கவும் சொல்லித்தந்தது. கழுத்து ரிப் சுருங்குகிறது, பீஸுக்கு ஐந்து சென்ட் குறை என்பதற்கு அதில் வழியில்லை.

எண்களும் ஒரு பாடம். லீராவில் எதற்கும் மூன்று சைபர் கூட வரும். ஒரு காபி ஆயிரம் லீரா என்றால் நம் ஆட்கள் வாயைப் பிளப்பார்கள். 1982-இல் வந்த ஆயிரம் லீரா நோட்டில் மார்க்கோ போலோ இருந்தார். வெனிசிலிருந்து கிளம்பி, பாண்டிய நாட்டுக் காயலில் குதிரை வந்திறங்குவதை எழுதிவைத்த அதே ஆள். 1990-இல் அவரை எடுத்துவிட்டு மரியா மாண்டிசோரியைப் போட்டார்கள். அந்த அம்மா 1939-இல் அடையாறு தியாசபிகல் சொசைட்டிக்கு ஆசிரியர் பயிற்சி நடத்த வந்தவர். மறு வருஷம் இத்தாலி போரில் இறங்கியதால் எதிரி நாட்டுக்காரர் என்றாகி, சண்டை முடிகிறவரை இந்தியாவிலேயே இருந்தார். இத்தாலியின் சில்லறை நோட்டில் அடுத்தடுத்து வந்த இரண்டு முகமும் தமிழ்நாட்டைப் பார்த்த முகம். பையர் மேஜையில் வைத்துவிட்டுப் போன ஒரு நோட்டைக் காட்டி இதை ஒரு முதலாளியிடம் சொன்னேன். "அதிருக்கட்டும் அம்மிணி, இது நம்ம காசுல எவ்வளவு?" என்றார். அதுவும் நியாயமான கேள்விதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேரம் என்பதே 'ஆல்' விகுதியில் நடப்பது. விலை குறைத்தால், சரக்கு தேதிக்குப் போனால், கோட்டா கிடைத்தால். இத்தாலியனில் இந்த 'ஆல்' மூன்று மாடி. தரைத்தளத்தில்: 'சே மி ஃபா லோ ஸ்கோன்தோ, கோம்ப்ரோ'. தள்ளுபடி தந்தால் வாங்குகிறேன். இது கை நீட்டுகிற பேச்சு, உடனே பிடித்துக்கொள்ளலாம். முதல் மாடியில்: 'சே மி ஃபாச்செஸ்ஸே லோ ஸ்கோன்தோ, கோம்ப்ரெரேய்'. தள்ளுபடி தருவதாக இருந்தால் வாங்கலாம். தருவீர்கள் என்று நான் நம்பவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன் என்பது அதன் உள்ளே இருக்கும். இரண்டாம் மாடியில்: 'சே மி அவெஸ்ஸே ஃபாத்தோ லோ ஸ்கோன்தோ, அவ்ரேய் கொம்ப்ராத்தோ'. தந்திருந்தால் வாங்கியிருப்பேன். கதை முடிந்தது, ஆர்டர் போய்விட்டது.

ஏஜென்ட் இதையெல்லாம் இங்கிலீஷுக்கு மாற்றும்போது தரைத்தளமும் முதல் மாடியும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். முதலாளிக்கு இங்கிலீஷும் அரைகுறை. அவர் என் பக்கம் சாய்ந்து கேட்பார்: "ஏனம்மிணி, குறைச்சா எடுப்பாராமா, குறைச்சிருந்தா எடுத்திருப்பாராமா?" இந்தக் கேள்வியை நான் எத்தனையோ முதலாளிகள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன், ஒருவரும் இலக்கணம் படித்தவரில்லை. நடு மாடிக்குத் தமிழில் தனி வினை வடிவம் இல்லைதான். ஆனால் 'எடுப்பார்' என்பதற்கும் 'எடுக்கலாம்' என்பதற்கும் நடுவே நமக்கு இருக்கிற தூரம் போதும். "எடுப்பாருங்க" என்றால் முதலாளி கால்குலேட்டரை எடுப்பார். "எடுக்கலாம்ங்கறாருங்க" என்றால் டீ சொல்லுவார், ஆள் இன்னும் வேறு இரண்டு கம்பெனி பார்க்கப் போகிறார் என்று புரிந்துகொண்டு.

ஒரு சமயம் பார்த்தேன். மேஜை மேல் வெள்ளை ரவுண்ட் நெக் சாம்பிள். பையர் கழுத்து ரிப்பை இரண்டு கட்டை விரலாலும் இழுத்து விட்டார். திரும்பி வருகிறதா என்று பார்த்தார். வட்டக் கட்டரை வைத்துத் துணியில் ஒரு வில்லை வெட்டி, சின்னத் தராசில் போட்டு ஜி.எஸ்.எம். பார்த்தார். சைடு தையலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சாம்பிளை மடித்து வைத்துவிட்டு, 'சே லோ ஸப்பேவோ, கொம்ப்ராவோ' என்றார். புத்தகத்தில் இப்படி ஒரு வாக்கியம் கிடையாது. இரண்டு பக்கமும் சாதாரண இறந்தகாலம். சந்தையில், வீட்டில் இத்தாலிக்காரர்கள் அந்த இரண்டாம் மாடியின் படியேறச் சலித்துக்கொண்டு இப்படித்தான் குறுக்கே போவார்கள். இந்தத் தரம் இங்கே கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் வாங்கியிருப்பேன் என்று அர்த்தம். "போன சீசன் ஆர்டர் வேற பக்கம் போயிருச்சுங்க, இந்த சீசனுக்குத் தூண்டில் போடறாருங்க" என்றேன். முதலாளி விலையைக் குறைக்கவில்லை. இருபதாயிரம் பீஸுக்கு ஐந்து சென்ட் என்பது ஆயிரம் டாலர். அன்று அது காப்பாற்றப்பட்டது ஒரு வினைமுற்றால்.

வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு அடியில் விரல் பிடித்து விலை பேசிய ஊர்க்காரர்கள் இந்த முதலாளிகள். துண்டுக்கு அடியில் 'ஆல்' கிடையாது. விரல் சொன்னால் விலை. அப்படிப் பழகியவர்கள் பத்து வருஷத்துக்குள் நிபந்தனைகளாலேயே ஆன ஒரு வியாபாரத்துக்கு மாறினார்கள் என்பதுதான் எனக்கு இந்த ஊரின் பெரிய ஆச்சரியம். கோடிகள் அதற்கு அப்புறம்.

எல்.சி. என்கிற லெட்டர் ஆஃப் கிரெடிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் முழுக்க ஒரே ஒரு நிபந்தனை வாக்கியம். கேட்ட டாக்குமென்ட் எல்லாம், கேட்டபடி, கேட்ட தேதிக்குள் வந்தால் பேங்க் பணம் தரும். பேங்க் சரக்கைப் பார்க்காது, காகிதத்தைத்தான் பார்க்கும். ஸ்விஃப்ட் என்ற பேங்க் செய்தி முறை வந்த பிறகு இதெல்லாம் நம்பர் போட்ட கட்டங்களாகிவிட்டன: 46ஏ என்றால் என்னென்ன டாக்குமென்ட், 47ஏ என்றால் கூடுதல் நிபந்தனைகள். தனியாகச் சொல்லாவிட்டால் கப்பலேற்றிய இருபத்தொரு நாளுக்குள் காகிதம் பேங்குக்குப் போக வேண்டும். எல்.சி.யில் பையர் பேங்க் ஸ்பெல்லிங்கைத் தப்பாக அடித்திருந்தால் நாங்களும் இன்வாய்ஸில் அதே தப்பை அடிப்போம். சரியாக அடித்தால் டிஸ்கிரிபன்சி. பெண்டாட்டி நகையை வைத்து நூல் வாங்கிய ஒரு கம்பெனிக்கு ஒரு எழுத்து எவ்வளவு கனம் என்று டாக்குமென்டேஷன் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதற்கும் மேலே கோட்டா, இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற உச்சவரம்பு. மல்டி ஃபைபர் ஒப்பந்தம் 1974-இல் வந்தது. கடைசிக் கோட்டா ஒழிந்தது 2005 ஜனவரி 1-ஆம் தேதி. ஐரோப்பாவுக்கு டீ-ஷர்ட் என்றால் கேட்டகரி 4. ஏ.இ.பி.சி. என்ற ஆடை ஏற்றுமதி ஊக்குவிப்புக் கவுன்சில் பிரித்துக் கொடுக்கும், போன வருஷம் அனுப்பியவருக்கு இந்த வருஷம் உரிமை. உரிமை இருந்தும் ஆர்டர் இல்லாதவர், ஆர்டர் இருந்தும் உரிமை இல்லாதவருக்கு அதை விற்பார். அந்தக் காலத்தில் எங்கள் காஸ்டிங் ஷீட்டில் நூல், நிட்டிங், சாயம், தையலுக்குக் கீழே கோட்டா என்று தனி வரி இருக்கும். அனுமதியைக் காசு கொடுத்து வாங்கிய காலம் அது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

பணம் எப்போது வரும் என்பதில் இத்தாலிக்காரர்களுக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. எல்.சி. இல்லாமல் கடனுக்குப் பேசினால் 'ஸெஸ்ஸாந்தா ஜொர்னி, ஃபீனே மேசே' என்பார்கள். அறுபது நாள், ஆனால் மாதக் கடைசியிலிருந்து. இன்வாய்ஸ் 3-ஆம் தேதி போட்டால் அந்த மாதம் முழுக்க இலவசம். இதைப் புரிந்துகொண்டவர்கள் மாதக் கடைசியில் பில் போட ஓடினார்கள். புரியாதவர்கள் வட்டி கட்டினார்கள். ஆகஸ்ட் வேறு. 15-ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ. அதை ஒட்டி அந்த நாட்டில் ஆபீஸ், மில், கணக்குப்பிள்ளை எல்லாம் கடலோரம் போய்விடுவார்கள். டெலெக்ஸ் அடித்தால் எதிர்முனை மிஷின் மட்டும் பதில் சொல்லும். இங்கே சனிக்கிழமை பட்டுவாடா நிற்காது. கட்டிங் மாஸ்டரும் பவர் டேபிள்காரர்களும் சாயங்காலம் வரிசையில் நிற்பார்கள், தீபாவளி போனஸும் நெருங்கிக்கொண்டிருக்கும். ஆகஸ்டில் திருப்பூரில் வட்டிக்கடைக்காரர் முகம் மட்டும்தான் மலர்ந்திருக்கும்.

அந்த லீவைத் தொடங்கி வைத்தவர் கி.மு. 18-இல் அகஸ்டஸ் சக்கரவர்த்தி. இந்த அகஸ்டஸ் நமக்கு அந்நியரில்லை. அவரும் அவருக்குப் பின் வந்த டைபீரியஸும் அடித்த தெனாரியஸ் என்கிற வெள்ளிக்காசுகள் கோவை வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் கரூரிலும் பானை பானையாகக் கிடைத்தன. திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் கரையில் கொடுமணலில் கல்மணி பட்டை தீட்டினார்கள். காங்கேயம் அருகே படியூரில் பச்சைக்கல் எடுத்தார்கள். ரோமாபுரி அதற்கு வெள்ளியில் விலை கொடுத்தது. இத்தாலியனில் பணத்துக்கு இன்றும் ஏட்டுச் சொல் தெனாரோ, அந்தக் காசின் பெயரேதான். பேச்சில் சோல்தி என்பார்கள். தெனாரியஸ் என்ற அந்தப் பெயர் பிரான்ஸ் சுற்றிவந்து நம்மிடம் டெனியர் ஆகியிருக்கிறது. 'இருபது டெனியர் லைக்ரா போடுங்க' என்கிற நிட்டிங் ஃபிட்டர் ஒரு ரோமானியக் காசைத்தான் சொல்கிறார்.

பெண்களின் காலுறை அட்டையில் இருபது தெனாரி, நாற்பது தெனாரி என்று அச்சடிக்கும் ஊர்கள் மாந்துவா மாவட்டத்தில் இருக்கின்றன: காஸ்தெல் கோஃப்ரேதோ, அதையடுத்து காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. இத்தாலியின் ஹோசியரி பெல்ட் அது. இரண்டாவது ஊரில் 1680-இல் பிறந்தவர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, நம் வீரமாமுனிவர். அவர் வந்து தமிழின் 'ஆல்' விகுதியைக் கற்றுக்கொண்டு, ஐரோப்பியருக்குக் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதினார், 1732-இல் சதுரகராதி தொகுத்தார். எங்களுக்கு வந்த பையர்களில் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவருக்குப் பெஸ்கியைத் தெரிந்திருக்கவில்லை. சந்தோஷப்பட்டார்; ஸ்கோன்தோ மட்டும் அப்படியே கேட்டார்.

எல்லா இத்தாலிக்காரரும் மிலான் கோட்டுக்காரர்கள் என்று இங்கே நினைப்பு உண்டு. வந்தவர்களில் பலர் கார்ப்பி, பிராத்தோ மாதிரி ஊர்க்காரர்கள். கார்ப்பி மோதேனா பக்கத்து நிட்டிங் ஊர்; பிராத்தோ கம்பளி. பெரிய மில் கிடையாது. ஒருவர் நெய்வார், ஒருவர் வெட்டுவார், பக்கத்துத் தெருவில் வீட்டுப் பெண்கள் தைப்பார்கள். 'கோந்தோ தெர்ட்ஸி' என்று அவர்கள் சொல்வது நம் ஜாப் ஒர்க்தான். பொருளாதாரக்காரர்கள் பிற்காலத்தில் திருப்பூரை அந்த ஊர்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். பமீலா கோதோர்ன் 1995-இல் நம் ஊரைப் பற்றி எழுதிய கட்டுரை அதில் முக்கியமானது. பையர்களுக்கு எந்தக் கட்டுரையும் தேவைப்படவில்லை. திருப்பூர் ராயபுரம் சந்தில் ஓவர்லாக் சத்தத்தைக் கேட்டதுமே அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிடும். பிரெஸ்ஷாவின் ஒரிசியோ நிட்டிங் மிஷினும், ஃபெர்ராரோ காம்பாக்டரும், லாஃபேர் ரெய்சிங் மிஷினும் அதே பாதையில் இங்கே வந்திறங்கின. டீ-ஷர்ட்டுக்கு வந்த காசில் ஒரு பங்கு மிஷின் விலையாகத் திரும்பிப் போனது.

நாணயம் ஆடியபோதுதான் 'சே' என்ற இத்தாலிய 'ஆல்' அதிகம் கேட்டது. 1985 தொடக்கத்தில் ஒரு டாலர் இரண்டாயிரம் லீராவைத் தாண்டியது. 1990-இல் ஆயிரத்து இருநூறு பக்கம். நமக்கு 1991 ஜூலை 1-ஆம் தேதியும் 3-ஆம் தேதியும் ரூபாயை இறக்கினார்கள். 21 ரூபாய் டாலர் 26 அருகே போனது. பையர்கள் மறுவாரமே பேசினார்கள். முதல் மாடிப் பேச்சு இல்லை, தரைத்தளப் பேச்சு: குறைத்தால் எடுக்கிறேன். அடுத்த வருஷம் செப்டம்பரில் லீரா ஐரோப்பிய நாணயக் கட்டிலிருந்து வெளியே விழுந்தது. ஆயிரத்து நூறு பக்கம் இருந்த டாலர் 1993-இல் ஆயிரத்தைந்நூறைத் தாண்டியது. நாம் ஒரு சென்ட் ஏற்றாமலே நம் டீ-ஷர்ட் அவர்களுக்கு விலை ஏறிவிட்டது. ரூபாய் இறங்கினாலும் நாம் குறைக்க வேண்டும், லீரா இறங்கினாலும் நாம் குறைக்க வேண்டும். இதை எந்த இலக்கணத்தில் சேர்ப்பது? 2002 ஜனவரியில் யூரோ நோட்டு வந்தது. ஒரு யூரோவுக்கு 1,936.27 லீரா. பிப்ரவரி 28-ஆம் தேதியோடு லீராவும் மாண்டிசோரி அம்மாவும் கடைவீதியை விட்டுப் போனார்கள்.

இனி எனக்குக் கசக்கிற பகுதி. வெள்ளை டீ-ஷர்ட்டுக்கு பிளீச்சிங் வேண்டும், கலருக்கு உப்பும் சாயமும் வேண்டும். கழிவு நொய்யலுக்குப் போனது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கொடுமணல் பக்கம்தான், சாயத்தண்ணீர்க் குட்டையாக நின்றது. தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கீழே உள்ள விவசாயிகளே கேட்டுக்கொள்ளும் நிலை. 2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு ஊர் மாறியது அதற்குப் பிறகுதான். அந்தச் செலவை முதலிலேயே பீஸ் விலையில் போட்டிருந்தால் நொய்யல் தப்பித்திருக்கும். இது இரண்டாம் மாடி வாக்கியம்.

நான் டைப் செய்த நிபந்தனைகளில் தொண்ணூறுகளின் நடுவில் புதிதாக ஒன்று சேர்ந்தது: ஜெர்மனி தடைசெய்த அசோ சாயங்கள் துணியில் இருக்கக் கூடாது. போடுகிறவருக்குப் புற்றுநோய் வரக்கூடும் என்பதால். குழந்தைத் தொழிலாளர் கூடாது என்பதும் வந்தது. தேதி, எடை, சுருக்கம், பொத்தான் இழுவிசை, அட்டைப்பெட்டி அளவு, எல்லாவற்றுக்கும் ஒரு 'ஆல்' இருந்தது. ஆற்றைப் பற்றி என் கை வழியாகப் போன எந்தக் காகிதத்திலும் ஒரு வரி இருந்ததில்லை. பையர் கேட்கவில்லை; நாமும் விலையில் சொல்லவில்லை.

இதை நிரூபிக்க நினைவு போதாது, காகிதம் வேண்டும். அந்தக் காகிதமெல்லாம் இப்போது கம்பெனி மாடிகளில் கரையான் அரித்துக்கொண்டும், மகன்கள் ஆபீஸைப் புதுப்பிக்கும்போது எடைக்குப் போய்க்கொண்டும் இருக்கிறது. டெலெக்ஸ் சுருள், எல்.சி. நகல், காஸ்டிங் ஷீட், கோட்டா சர்டிபிகேட். சிக்கண்ணா கல்லூரியோ நிஃப்ட்-டீ கல்லூரியோ ஒரு அறையும் நாலு பீரோவும் ஒதுக்கினால் போதும். பழைய ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்களே, 2005-க்கு முந்தைய ஃபைல்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். படித்துப் பிரித்து அடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், இத்தாலியன் பக்கங்களையும் நானே பார்த்துக்கொள்வேன்.